ஜெர்மனி கார்டு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய்த் திரும்புவது எப்படி?

"தங்கச்சி கல்யாணம் தை மாசம். என் கார்டு கார்த்திகையோட முடியுது. புதுப்பிக்க அப்ளை பண்ணிட்டேன், இன்னும் பதில் வரல. டிக்கெட் போடலாமா?"

ஜெர்மனியில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் ஆட்களிடமிருந்து வருடம் தவறாமல் எனக்கு வரும் கேள்வி இது. கார்டு என்பது ஜெர்மனியில் தங்குவதற்கான அனுமதி அட்டை. போன வருடத்துக்கு முந்தைய வருடம் இதே கேள்வியோடு நானே அலைந்தேன். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மட்டும் பயணம் கெட்டுப்போவதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பெரும்பாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. திரும்பி வரும்போது சென்னை கவுன்ட்டரிலும் ஃபிராங்க்ஃபர்ட் எல்லையிலும் எந்தத் தாளை எடுத்து நீட்டப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்தால் டிக்கெட் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். கீழே இருக்கிற எல்லாமே அந்தத் தாளைப் பற்றித்தான்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

பாதிப் பேருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது. புதிதாக வந்தவர்கள் டி விசா (நீண்ட காலம் தங்க வருவதற்கான விசா) ஸ்டிக்கரோடு வந்திருப்பீர்கள். இங்கே வந்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பிளாஸ்டிக் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பீர்கள். கார்டு பெர்லினில் உள்ள அச்சகத்தில் தயாராகி வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை வெளியே போகவே கூடாது என்று நினைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க அறைக்குள்ளேயே கிடந்த பையன்களை எனக்குத் தெரியும். அப்படிக் கிடக்க வேண்டியதில்லை. ஸ்டிக்கரில் தேதி இன்னும் முடியாமல் இருந்து, நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 'மல்ட்' (பல முறை நுழையலாம்) என்று போட்டிருந்தால், அந்த விசாவைக் கொண்டே ஊருக்குப் போய் வரலாம். பாரிஸ், ரோம் என்று மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் (பொதுவான எல்லை விதிகள் கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம். ஸ்டிக்கர் முடிவதற்குள் ஜெர்மனிக்குள் திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கார்டில் தேதி மிச்சம் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கார்டு மார்ச்சில் முடிகிறது, ஜனவரியில் புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று, பொங்கலுக்குப் போய் பிப்ரவரியில் திரும்புகிறீர்கள் என்றால் பழைய கார்டே போதும். ஆனால் திரும்பும் தேதிக்கும் கார்டு முடியும் தேதிக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். விமானம் ரத்தாகும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், ஏதாவது ஒன்று வரும்.

கார்டோ ஸ்டிக்கரோ ஏற்கெனவே முடிந்துவிட்டவர்களும், பயணத்தின் நடுவில் முடியப்போகிறவர்களும் தொடர்ந்து படியுங்கள்.

எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள்?

ஜெர்மனியின் தங்குரிமைச் சட்டத்தில் 81ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தில் நம் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. அதன் நான்காம் உட்பிரிவு சொல்வது இது: கையில் இருக்கும் கார்டோ டி விசாவோ முடிவதற்கு முன்பே புதுப்பிக்கவோ வேறு வகைக்கு மாறவோ விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும். மாணவர் கார்டிலிருந்து ப்ளூ கார்டுக்கு (உயர்கல்வி முடித்து வேலை பார்ப்பவர்களுக்கான அனுமதி) மாறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தொடர்வது பழைய அனுமதிதான். மாணவருக்கு இருந்த வேலை நேரக் கட்டுப்பாடும் கூடவே தொடரும்.

ஒரு நாள் தாமதமானாலும் இது தானாகக் கிடைக்காது. ரொம்பவும் கஷ்டமான சூழ்நிலை என்றால் பழைய அனுமதி தொடர அலுவலகம் தனியாக உத்தரவிடலாம். அது அவர்கள் பார்த்துக் கொடுப்பது, கேட்டு வாங்குகிற உரிமை இல்லை. குறுகிய காலச் சுற்றுலா ஷெங்கன் விசாவில் வந்து இங்கே விண்ணப்பித்தவர்களுக்கும் இந்த நான்காம் உட்பிரிவு கிடையாது.

அதனால் விண்ணப்பித்த தேதிக்கு ஆதாரம் வேண்டும். ஆன்லைனில் போட்டவர்கள் உடனே வரும் பி.டி.எஃப். உறுதிச்சீட்டைச் சேமித்து வையுங்கள். மின்னஞ்சலில் அனுப்பியவர்கள் தானியங்கிப் பதிலை அழிக்காதீர்கள். தபாலில் போட்டவர்கள் பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆறு மாதம் கழித்துத்தான் என்றாலும் கவலையில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு, அப்பாயின்ட்மென்ட் நாள் இல்லை. ஆனால் அப்பாயின்ட்மென்ட் மட்டும் பதிவு செய்துவிட்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. சந்தேகமாக இருந்தால் கார்டு முடிவதற்குள், "இதையே என் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சலோடு படிவத்தையும் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பிவிடுங்கள்.

சரி, அந்த பி.டி.எஃப். உறுதிச்சீட்டை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாமா? கூடாது. வீட்டு உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் காட்ட அது உதவும். எல்லையில் அது பயண ஆவணம் இல்லை. இங்கே ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

பச்சைத் தாளும் மூன்று கட்டங்களும்

எல்லையில் செல்லுபடியாகும் தாளின் பெயர் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். நம் ஆட்கள் சுருக்கமாக 'ஃபிக்ஷன்' என்பார்கள். கதைப் புத்தகம் மாதிரிப் பெயர், என்ன செய்வது. சட்டம் ஒன்றை 'இருப்பதாகக் கொள்கிறது' இல்லையா, அந்தக் கற்பிதத்துக்குக் கொடுக்கும் சான்று என்று பொருள். என்னிடம் இருந்தது பச்சை நிறத்தில், மூன்றாக மடித்த, கெட்டியான தாள். போட்டோ ஒட்டி, முத்திரை குத்தியிருந்தது. கட்டணம் 13 யூரோ.

அதில் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாக மூன்று சிறு கட்டங்கள் இருக்கும், ஒன்றில் பெருக்கல் குறி இருக்கும்.

முதல் கட்டத்தின் வரியில் 'எர்லாவுப்ட்' என்ற சொல் வரும். தங்கியிருப்பது அனுமதிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று பொருள். கையில் எந்த அனுமதியும் இல்லாமல், ஆனால் சட்டப்படி உள்ளே இருந்தபோது விண்ணப்பித்தவர்களுக்கு இது. தங்கலாம். வெளியே போனால், இந்தத் தாளைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது.

இரண்டாவதில் 'ஆவுஸ்கெஸெட்ஸ்ட்' என்று இருக்கும். தாமதமாக விண்ணப்பித்தவர்களுக்கு இது. நாடு கடத்துவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். இதை வைத்துக்கொண்டு விமான நிலையத்துப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவதில் 'ஃபோர்ட்பெஷ்டேஹெண்ட்', அதாவது தொடர்வது. நான்காம் உட்பிரிவுக்காரர்களுக்கு இது. இந்தக் கட்டத்தில் குறி இருந்தால், முடிந்துபோன பழைய கார்டையோ விசாவையோ கூடவே காட்டி ஜெர்மனிக்குள் திரும்ப நுழையலாம். ஷெங்கன் நாடுகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட அனுமதிச் சான்றுகளின் பட்டியலிலும் ஜெர்மனி இதைச் சேர்த்திருக்கிறது. பழைய கார்டு இல்லாமல் தாள் மட்டும் இருந்தால் பயனில்லை. அதனால் முடிந்துபோன கார்டை அலுவலகத்தில் கேட்டாலும், பயணம் இருக்கிறது என்று சொல்லி கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தாளை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே அந்தக் கட்டத்தைப் பாருங்கள். எழுத்தரும் மனிதர்தான், தவறான கட்டத்தில் குறி போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் இன்னொரு அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

தாளை எப்படி வாங்குவது

சட்டப்படி விண்ணப்பத்தின் விளைவைச் சொல்லும் இந்தச் சான்றைக் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில், கேட்காதவனுக்குக் கிடைக்காது. பெரிய நகரங்களில் மின்னஞ்சல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. உங்கள் மின்னஞ்சல் அந்த மலையில் மேலே வர வேண்டும் என்றால் தலைப்பிலேயே நான்கு விஷயம் இருக்கட்டும்: உங்கள் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், பயணத் தேதி. உள்ளே கதை வேண்டாம். எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், கார்டு எப்போது முடிகிறது, ஏன் பயணம், 81ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவின்படி சான்று வேண்டும் என்று ஐந்து வரி. பாஸ்போர்ட் நகல், பழைய கார்டின் இரு பக்கம், விண்ணப்ப உறுதிச்சீட்டு, காரணத்துக்கான ஆதாரம் இவற்றை ஒரே பி.டி.எஃப்.பாகச் சேர்த்து அனுப்புங்கள். ஜெர்மன் மொழியிலேயே எழுதுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே மின்னஞ்சல் தொடரிலேயே நினைவூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் அங்கே ஒவ்வொன்றும் தனி விண்ணப்பமாகிவிடும்.

துக்கச் செய்தி, பெற்றோருக்குத் தீவிர சிகிச்சை மாதிரி அவசரம் என்றால் கணக்கே வேறு. மருத்துவமனைச் சான்றையோ இறப்புச் செய்தியையோ ஆங்கிலத்திலாவது வாங்கிக்கொண்டு, காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். பல ஊர்களில் அவசரக் கவுன்ட்டரோ தனி அவசரப் படிவமோ இருக்கிறது. காவலாளி "அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் முடியாது" என்று சொல்வார். அவரிடம் சண்டை போடாமல், சான்றை உள்ளே கொடுத்துப் பார்க்கும்படி மட்டும் கேளுங்கள். மாதக்கணக்கில் பதிலே இல்லை, காரணமும் வலுவானது என்றால், நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனு போடும் வழியும் உண்டு. வக்கீல் கடிதம் போனதுமே தாள் கிடைத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

தாளிலும் ஒரு முடிவுத் தேதி அச்சிட்டிருக்கும், சில மாதம் தள்ளி. திரும்பும் டிக்கெட் அதற்குள் வர வேண்டும். நிலுவையில் இருக்கிறதே என்று நீண்ட காலம் ஊரில் தங்கிவிடவும் முடியாது. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதியே அற்றுப்போகும். ப்ளூ கார்டுக்காரர்களுக்கு அது 12 மாதம்.

பலரும் நினைத்தே பார்க்காதது தபால் பெட்டி. பழைய அனுமதி தொடர்வது அலுவலகம் முடிவெடுக்கும்வரைதான். நீங்கள் கும்பகோணத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக உங்கள் வீட்டுப் பெட்டியில் மஞ்சள் உறை விழுந்தால், கையில் இருக்கும் தாளில் தேதி மிச்சம் இருந்தாலும் அதன் உயிர் போய்விடும். அவ்வளவு மோசமாக நடப்பது அரிது. ஆனால் "சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு அனுப்பு, கெடு இரண்டு வாரம்" என்று கடிதம் வருவது சாதாரணம். அந்தக் கெடு தவறினால்தான் நிராகரிப்பில் போய் முடியும். பக்கத்து வீட்டு நண்பரிடம் சாவியைக் கொடுத்து, வரும் கடிதத்தை அன்றன்றே படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் பலவீனம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால், வேலை போய்விட்டது, படிப்பு நிர்ணயித்த காலத்தைத் தாண்டிவிட்டது என்கிற மாதிரி, மூன்றாம் கட்டத்தில் குறி இருந்தாலும் முடிவு வரும்வரை கிளம்பாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எந்த வழியாகப் பறப்பது

நேர் விமானம் இருந்தால் அதையே எடுங்கள். சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் நேர் சேவை சில ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும், இந்த ஒரு பயணத்துக்கு அந்தக் காசு தகும். துபாய், தோஹா, அபுதாபி வழியாகவும் போகலாம். ஆனால் அங்கே இரண்டாவது முறையாக ஒரு கவுன்ட்டர் ஆளுக்கு இந்தத் தாளை விளக்க வேண்டியிருக்கும், அதுவும் இரவு இரண்டு மணிக்கு. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாக வந்தால் ஷெங்கன் எல்லைச் சோதனை அங்கேயே நடக்கும். பட்டியலில் தாள் இருக்கிறதுதான். என்றாலும் ஜெர்மன் எழுத்துள்ள தாளை ஜெர்மன் அதிகாரியே படிப்பது நமக்கு நல்லது. லண்டன் வழி வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறவே விசா கேட்பார்கள். ஐரோப்பியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு உள்ள விலக்கு இந்தத் தாளுக்கு உண்டு என்று நம்பிப் போகக்கூடாது.

அப்புறம், ஜெர்மன் கார்டைக் காட்டி விசா இல்லாமல் நுழையவிடும் ஜார்ஜியா, அல்பேனியா மாதிரி நாடுகளுக்கு இந்தச் சமயத்தில் போகாதீர்கள். அங்கே கேட்பது தேதி முடியாத கார்டு.

சென்னை கவுன்ட்டர்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நள்ளிரவு தாண்டி, சாமான் எடை போட்டு முடித்த பிறகு, அந்தப் பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எக்ஸ்பயர் ஆயிடுச்சே."

"ஆமாங்க, அதோட இந்தத் தாளையும் பார்க்கணும்."

"இது ஜெர்மன்ல இருக்கு சார். விசா நம்பர் எங்க?"

விசா எண் என்று அதில் எதுவும் கிடையாது. அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் வரிசை முனகத் தொடங்கியது. நாற்பது நிமிடம் ஓரமாக நின்றேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் ஜெர்மனி விமான நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு 1,000 முதல் 5,000 யூரோ வரை அபராதம் போடலாம். சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

விமான நிறுவனங்கள் ஆவண விதிகளைப் பார்க்கும் கணினித் தொகுப்பு ஒன்று உண்டு, அதன் பெயர் டிமாட்டிக். கடைசியில் வந்த மேலதிகாரியிடம், "டிமாட்டிக்கில் ஜெர்மனி, தங்குரிமைச் சான்று என்று பாருங்கள், முடிந்த கார்டோடு சேர்த்துப் பாருங்கள்" என்றேன். பார்த்தார், எங்கோ போன் செய்தார், போர்டிங் பாஸ் வந்தது. அந்தப் பெண் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா மடிச்சு வெச்சிக்கங்க சார், கிழிஞ்சிடப் போவுது" என்றார்.

அன்றைக்குக் கற்றதைச் சொல்கிறேன். ஆன்லைன் செக்-இன்னை நம்பி நேரம் கழித்துப் போகாதீர்கள், விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தாள், பழைய கார்டு, பாஸ்போர்ட் மூன்றையும் ஒன்றாகவே நீட்டுங்கள். கார்டை மட்டும் முதலில் கொடுத்தால் 'முடிந்துபோனது' என்ற எண்ணம் விழுந்துவிடும், அப்புறம் அதை அழிப்பது கஷ்டம். மூன்றாம் கட்டத்தின் அருகே சின்ன ஒட்டுத்தாள் வையுங்கள், தாளின் மேல் எதுவும் எழுதிவிடாதீர்கள். தாளை விளக்கும் ஆங்கிலப் பக்கத்தை உங்கள் வெளிநாட்டவர் அலுவலகம் வெளியிட்டிருந்தால் அதன் அச்சுப் பிரதி ஒன்று. வேலை ஒப்பந்தம் அல்லது பல்கலைக்கழகச் சான்று ஒன்று. அதிகாரியிடம் கோபப்படாமல், விதியைப் பார்த்துச் சொல்லும்படி மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லைப் போலீஸ்காரர் நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போனார். இப்போது 2025 அக்டோபரிலிருந்து, குறுகிய காலத்துக்கு வருகிறவர்களின் விரல் ரேகையையும் முகத்தையும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. தங்குரிமை உள்ளவர்களுக்கு அது கிடையாது. அதனால் தானியங்கி இயந்திரத்தின் பக்கம் போகாமல், ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டருக்கே போய்த் தாளையும் கார்டையும் முதலிலேயே காட்டுங்கள்.

இங்கே பிறந்த குழந்தை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை இங்கே பிறந்தது, இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியாயிற்று, தாத்தா பாட்டிக்குக் காட்ட ஊருக்குக் கிளம்புகிறார்கள். அப்பா அம்மா இருவரிடமும் செல்லுபடியாகும் கார்டு இருக்கிறது. குழந்தைக்கு விண்ணப்பம் மட்டும்தான் போட்டிருக்கிறது. குழந்தைக்கு 'தொடர' முந்தைய அனுமதி எதுவும் இல்லை, அதனால் மூன்றாம் கட்டமும் இல்லை. அம்மா வரலாம், பிள்ளை வரமுடியாது என்று கவுன்ட்டரில் கேட்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? பிறந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் பார்க்காதீர்கள், குழந்தையின் கார்டு கைக்கு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் வேலைக்காக விசா இல்லாமலே வந்து இங்கே விண்ணப்பிக்கிறார்கள். அதற்கு அனுமதி உண்டு. ஆனால் அவர்களுக்கு வருவது முதல் கட்டம். நடுவில் டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டால் அந்தத் தாள் அவர்களைத் திரும்பக் கூட்டிவராது. தஞ்ச விண்ணப்பத்தில் இருப்பவர்களுக்கும், 'டுல்டுங்' தாள் (நாடு கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்ததற்கான சான்று) வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் பொருந்தாது. நாட்டை விட்டுக் கிளம்பினால் டுல்டுங் அத்தோடு முடிந்துவிடும். அவர்கள் எங்கே போவதாக இருந்தாலும் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

ஊரில் மாட்டிக்கொண்டால்

தாள் தொலைந்துவிட்டது, தேதி முடிந்துவிட்டது, தாள் வாங்காமலே கிளம்பிவிட்டீர்கள் என்றால், இருக்கும் வழி ஜெர்மன் தூதரகத்தில் மறுநுழைவுக்கு டி விசா கேட்பதுதான். கட்டணம் 75 யூரோ. தூதரகம் உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்டுத்தான் பெரும்பாலும் கொடுக்கும், நாள் பிடிக்கும். அதனால் தூதரகத்தில் கொடுத்த அன்றே அந்த அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தொலைந்த கார்டுக்கும் தாளுக்கும் போலீஸில் புகார் கொடுத்துச் சான்று வாங்குங்கள்.

இதற்கிடையில் புதிய கார்டு தயாராகிவிட்டது என்று கடிதம் வந்தால், நண்பருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சில ஊர்களில் விடுவார்கள், முன்கூட்டியே கேளுங்கள். அந்தக் கார்டைக் கூரியரில் போடுவதைவிட ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவது நல்லது. கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதுவரை ஊரிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வரியும் சமூகக் காப்பீடும் அதில் சிக்கும், எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் விடுப்பு எழுதிக் கொடுங்கள்.